கொல்லைக் கொசு: செடியா, மெஷினா, தண்ணீரா?

மடிப்பாக்கம் வீடு | செப்டம்பர் 14, இரவு 9.10

தனி வீடு. பின்னால் பதினைந்துக்கு முப்பது அடியில் கொல்லை. உறை கிணறு ஒன்று, இரண்டு வாழை, ஒரு முருங்கை, துவைக்கிற கல், செப்டிக் டேங்க். நொச்சி, துளசி, ஓமவல்லி, எலுமிச்சைப்புல் எல்லாம் வைத்தாயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்குப் பின்கதவைத் திறக்க முடியவில்லை. மாநகராட்சிக் கொசுப்புகை வண்டி வந்து போனால் ஒரு நாள் பரவாயில்லை, மறுநாள் பழையபடி. நீல விளக்கு மெஷின் வாங்கலாமா? இதைவிடக் காரமான வேறு செடி ஏதாவது உண்டா?

பூச்சிக்கண் | செப்டம்பர் 14, இரவு 10.25

இரண்டும் வேண்டாம். நொச்சி நின்ற இடத்தில் நின்றபடி கொசுவை விரட்டாது. இலையைக் கசக்கினால், எரித்தால்தான் அதன் எண்ணெய் காற்றில் கலக்கும். நொச்சிப் புகை போட்டால் புகை இருக்கும் வரை விலகும், அவ்வளவுதான். நீல விளக்கில் விழுவது பெரும்பாலும் அந்துப்பூச்சி, வண்டு, ஈசல். கடிக்கும் பெண் கொசு நம் மூச்சுக்காற்றையும் வியர்வை வாடையையும் பிடித்துக்கொண்டு வருகிறது, விளக்கைத் தேடி வருவதில்லை.

புகை வண்டி ஒரு நாள் மட்டும் உதவுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நேரத்தில் பறக்கும் கொசு மட்டும் சாகும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. இன்று கூட்டுப்புழுவாக இருப்பது நாளை சாயங்காலம் பறக்கும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். எத்தனை மணிக்குக் கடிக்கிறது? உடம்பில் எங்கே? அடித்துக் கையில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கிறது? கொசுவுக்குக் கொசு தண்ணீர் வேறு. எந்தக் கொசு என்று தெரிந்தால் எந்தத் தண்ணீர் என்று தெரியும்.

மடிப்பாக்கம் வீடு | செப்டம்பர் 16, காலை 7.05

பார்த்தேன். ஆறு, ஆறரைக்கு வருவது பெரிசு, நல்ல கறுப்பு, சுருக்கென்று குத்துகிறது. ராத்திரி வீட்டுக்குள் வருவது சின்னது, பழுப்பு, காதருகே ரீங்காரம். காலையில் துணி துவைக்கும்போது கணுக்காலில் ஒன்று கடிக்கிறது, சத்தமே இல்லை, காலில் வெள்ளை வரி.

பூச்சிக்கண் | செப்டம்பர் 16, காலை 11.40

மூன்று வகையும் இருக்கிறது. தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் வரும் பெரிய கறுப்பு ஆர்மிஜெரஸ். அதன் மூக்கு லேசாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். கெட்டியான மலநீர் இருந்தால்தான் அதற்குப் பிடிக்கும். உங்கள் கொல்லையில் அது ஏராளமாக இருந்தால் செப்டிக் டேங்கில் எங்கோ திறப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

ராத்திரி வரும் பழுப்பு கியூலெக்ஸ். சாக்கடை, தேங்கிய சமையலறைத் தண்ணீர், செப்டிக் டேங்க். யானைக்கால் பரப்புவது இதுதான். நூறு முதல் முந்நூறு முட்டையை ஒரே தெப்பமாகத் தண்ணீர் மேல் மிதக்க விடும்.

பகலில் கணுக்காலைக் கடிக்கும் வரிக்கால் ஏடிஸ். டெங்கு, சிக்குன்குனியா. சாக்கடைக்குப் போகாது. தெளிந்த தண்ணீர், அதுவும் பாத்திரத்தில், தொட்டியில், கல்குழியில் நிற்கிற தண்ணீர். அதிக தூரம் பறப்பதில்லை, பொதுவாக நூறு இருநூறு மீட்டருக்குள். ஆகவே ஏடிஸ் கடித்தால் அது உங்கள் வீட்டுக்கொசு, இல்லையென்றால் அடுத்த வீட்டுக்கொசு.

குழாய்வேலை | செப்டம்பர் 16, இரவு 8.30

சார், முதல்ல செப்டிக் டேங்க் வாயு வெளிய போற வென்ட் பைப்ப பாருங்க. பாதி வீட்டுல மேல வெறும் வாயா இருக்கும். இல்லன்னா கவுல்னு ஒரு தொப்பி மாட்டியிருப்பாங்க, கவுல்ல இருக்கிற ஓட்டை கொசு குடும்பத்தோட போயிட்டு வர்ற அளவு. கவுலுக்கு அடியில வலை கட்டணும்.

வலைய பத்தி: ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) வலை கட்டாதீங்க. டேங்க்ல வர்ற வாயு பட்டு துரு பிடிச்சு பொடிப்பொடியா போயிடும். நைலான் வலை வெயில்ல மொறுமொறுன்னு ஆகி காத்துல கிழியும், வருஷத்துக்கு ஒரு தடவை மாத்த முடியும்னா கட்டலாம். எவர்சில்வர் 304 வலை, கண்ணு 1.2 மில்லிமீட்டருக்கு மேல வேணாம். நாலு இன்ச் பைப்புக்கு எட்டுக்கு எட்டு இன்ச் துண்டு வெட்டி, வாய் மேல போட்டு, ஓரத்த கீழ மடிச்சு, ஹோஸ் கிளாம்ப் போட்டு ஸ்குரூ முறுக்குங்க. கட்டுக்கம்பி, கயிறு எல்லாம் தளர்ந்துடும். பைப்ப அடைச்சு மூடி மட்டும் போட்டுடாதீங்க. வாயு வெளிய போகலன்னா பாத்ரூம் வழியா நாத்தம் வரும்.

மூடி பலகைக்கல்லு ஓரமும் பாருங்க. தூக்கறதுக்கு கம்பி வளையம் வச்சிருப்பாங்கல்ல, அந்த வளையத்த சுத்தி விரல் போற ஓட்டை இருக்கும். யாரும் அத பாக்கறதே இல்ல.

திருவொற்றியூர் | செப்டம்பர் 17, காலை 6.50

இவ்வளவு வேலை எதற்கு? மெக்கானிக் கடையில் பழைய இன்ஜின் ஆயில் அரை லிட்டர் வாங்கி டேங்கில் ஊற்றினால் மேலே படலம் கட்டும், புழு மூச்சு விட முடியாமல் செத்துப்போகும். கிணற்றைத் தவிர எல்லா இடத்திலும் ஊற்றலாம்.

பூச்சிக்கண் | செப்டம்பர் 17, காலை 9.15

ஊற்றக் கூடாது. படலம் கட்டினால் புழு சாகும் என்பது சரி. ஆனால் செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீர் உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குப் போகிறது. அதே கொல்லையில் கிணறு இருக்கிறது. பழைய இன்ஜின் ஆயிலில் உலோகத் துகளும் தீய்ந்த எண்ணெயும் கலந்திருக்கும், அதைக் கிணற்றுக்கு அனுப்புவானேன். மண்ணெண்ணெய் இன்னும் மோசம், டேங்கில் மீத்தேன் இருக்கிறது.

பினாயில், பிளீச்சிங் பவுடர் கொட்டுவதும் வேண்டாம். கழிவைச் செரிக்கிற நுண்ணுயிர் செத்தால் டேங்க் சீக்கிரம் நிரம்பும். புழு சில நாளில் திரும்ப வரும்.

தஞ்சைக் கொல்லை | செப்டம்பர் 17, மதியம் 2.20

செப்டிக் டேங்கில் தெர்மோகோல் மணி போடுகிறார்களே, அதைச் சொல்லவில்லையே? திருக்கோயிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் யானைக்கால் நோய்க்கு மாத்திரை கொடுத்த ஆய்வில் கொசுவுக்கு அந்த மணியையும் மீனையும் சேர்த்துத்தானே பயன்படுத்தினார்கள்.

பூச்சிக்கண் | செப்டம்பர் 17, இரவு 9.00

ஆமாம், நல்ல முறை. அதற்கு முன்பே சான்சிபார் தீவில் மக்குண்டுச்சி என்ற ஊரில் கழிப்பறைக் குழிகளில் போட்டுக் கியூலெக்ஸை அடக்கினார்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் உருண்டை மணி, பீன் பேக்கில் அடைக்கிற அதேதான். தண்ணீர் மேல் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மிதக்க வேண்டும். கொசு தண்ணீரைத் தொட முடியாது, முட்டையிட முடியாது. அடியிலிருக்கும் புழு மேலே வந்து மூச்சுக்குழாயை நீட்ட இடமில்லை.

கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 10 லிட்டர் மணி. டேங்க் 2 மீட்டருக்கு 1.2 மீட்டர் என்றால் 24 லிட்டர், எடை அரைக் கிலோவைத் தாண்டாது. டிவி பெட்டியில் வந்த தெர்மோகோலை நொறுக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அது கோணல்மாணலாக மிதந்து இடைவெளி விடும், கொசுவுக்கு அந்த இடைவெளி போதும்.

ஆனால் மடிப்பாக்கத்துக்கு நான் இதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. அது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான பகுதி. ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்து செப்டிக் டேங்க் வழிந்தால் மணி மொத்தமும் தெருவுக்கும் கால்வாய்க்கும் போய்விடும். அது மக்காது. வெள்ளம் ஏறாத மேட்டு நிலத்தில், சுவர் கட்டிய குழியில் மட்டும் போடுங்கள். வெளியேறும் குழாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறங்கிய டி வடிவமாக இருக்க வேண்டும். லாரி வைத்துக் கழிவு உறிஞ்சினால் மணியும் அதோடு போகும், பிறகு புதிதாகப் போட வேண்டும்.

குழாய்வேலை | செப்டம்பர் 18, காலை 6.15

டேங்க்லருந்துதான் வருதான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி. கண்ணாடி மாதிரி தெரியற பாலிதீன் கவர் பெருசா ஒண்ணு. உள்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வென்ட் பைப் வாயில கட்டிடுங்க. காலைல அவுத்து பாத்தா ஒட்டிக்கிட்டு இருக்கறது எவ்ளோன்னு தெரியும். ஒரு ராத்திரிக்கு மேல விடாதீங்க, வாயு போகணும். பைப்புல ஒண்ணும் இல்லாம கொல்லைல மட்டும் இருந்தா, மூடி ஓரம்தான்.

மடிப்பாக்கம் வீடு | செப்டம்பர் 19, காலை 8.30

கவர் முழுக்கக் கறுப்பு. பழுப்பும் இருக்கிறது. எண்ணவே முடியவில்லை. இன்றைக்கே வலைக்குச் சொல்லிவிட்டேன். மூடி ஓரத்துக்கு என்ன பூசுவது? சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் அடுத்த தடவை லாரி வரும்போது உடைக்க வேண்டுமே.

குழாய்வேலை | செப்டம்பர் 19, இரவு 9.45

கெட்டி கலவை வேணாம். சிமெண்ட் ஒண்ணு, மணல் எட்டு. உளி வச்சு தட்டினா வந்துடும். இல்லன்னா பழைய சைக்கிள் டியூப்ப நீளமா கிழிச்சு விளிம்புல படுக்க வச்சு மேல பலகைய இறக்குங்க, பலகை எடையிலேயே அமுங்கிக்கும். களிமண் பூசினா வெயில்ல வெடிச்சு மறுபடி ஓட்டை. வளைய ஓட்டைக்கு கந்தல் துணிய திணிச்சு மேல அதே கலவை.

இன்னொண்ணு. கொல்லைல பழைய கக்கூஸ் இருந்தா, புழங்காம பூட்டி வச்சிருந்தா, அங்க கோப்பைக்கு அடியில இருக்கிற டிராப்ல, அதான் வளைவு குழாய்ல, தண்ணி வத்திடும். வத்தினா டேங்க்லருந்து நேரா கொசு வரும். வத்தலன்னா அந்த தண்ணியிலேயே புழு வைக்கும். வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு மக் வேகமா ஊத்துங்க. ஃபிளஷ் டேங்க் இருந்தா அதையும் இழுத்து விடுங்க.

தஞ்சைக் கொல்லை | செப்டம்பர் 21, காலை 10.10

சமையலறைத் தண்ணீரை வாழைக்கு விடுகிறீர்களா? வாழை குடித்துவிடும் என்று எல்லாரும் நம்புகிறோம். களிமண் நிலத்தில் குடிக்காது. சோற்றுக் கஞ்சியும் எண்ணெயும் மண்ணின் துளையை அடைத்து மேலே பசை மாதிரிப் படலம் கட்டும், அதன்மேல் தண்ணீர் நிற்கும். கறுப்பாக, புளித்த வாடையோடு இருந்தால் கியூலெக்ஸ் தொட்டிதான்.

செய்ய வேண்டியது: வாழைக்கு இரண்டு பாத்தி வெட்டுங்கள். இன்று ஒன்றுக்கு, நாளை மற்றொன்றுக்கு. ஒரு பாத்தி காயும் நேரத்தில் மண் மூச்சு விடும். மண்வெட்டியால் மேல்மண்ணை இரண்டு அங்குலம் அவ்வப்போது கிளறிவிடுங்கள். குழாய் வாயில் ஒரு பழைய மண்பானை, அடியில் ஓட்டை போட்டு, தேங்காய் நார் அடைத்து வையுங்கள். பருக்கையும் எண்ணெயும் நாரில் நிற்கும். நாரை வாரம் ஒருமுறை மாற்றி எருக்குழியில் போடலாம். பக்கத்தில் கல்வாழை இரண்டு வைத்தால் அது நன்றாகத் தண்ணீர் இழுக்கும்.

மடிப்பாக்கம் வீடு | செப்டம்பர் 27, மாலை 6.40

வலை கட்டியாயிற்று, மூடி ஓரம் அடைத்தாயிற்று. பெரிய கறுப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. பின்கதவைத் திறந்து வைக்க முடிகிறது. ஆனால் காலை நேரத்து வரிக்கால் அப்படியே இருக்கிறது. தொட்டித் தண்ணீரை எல்லாம் கொட்டிக் கவிழ்த்து வைத்திருந்தேன். ஒரு மழை பெய்து தண்ணீர் நின்றதும் மறுபடி புழு. எங்கிருந்து இவ்வளவு சீக்கிரம்?

பூச்சிக்கண் | செப்டம்பர் 27, இரவு 10.30

தொட்டிச் சுவரிலிருந்தே. ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். கறுப்பாக, கசகசாவைவிடச் சின்னதாக இருக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மழை பெய்து தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டால் பொரிந்துவிடும்.

அதனால் கொட்டுவது பாதி வேலைதான். தேய்க்க வேண்டும். தேங்காய் நார் அல்லது கம்பி பிரஷ், பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர். தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஒரு சாண் மேலேயிருந்து அடிவரை. தேய்த்த தண்ணீரை வெயில் படும் தரையில் ஊற்றுங்கள், சாக்கடையில் வேண்டாம். முட்டை அங்கே போய் வேறு எங்காவது ஒட்டிக்கொள்ளும்.

நம் ஊர் வெயிலில் முட்டை பொரிந்து கொசு பறக்க ஏழிலிருந்து பத்து நாள். அதனால் வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்து, அன்று கொல்லை முழுக்கச் சுற்றி வாருங்கள். எட்டாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஒரு தலைமுறை பறந்திருக்கும்.

தஞ்சைக் கொல்லை | செப்டம்பர் 28, காலை 7.50

கொல்லை மூலையில் ஆட்டுக்கல், உரல் கிடக்கிறதா? மிக்ஸி வந்தபிறகு எல்லா வீட்டிலும் அது வெளியேதான் கிடக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

மடிப்பாக்கம் வீடு | செப்டம்பர் 28, காலை 8.20

இருக்கிறது. குழவி இல்லை. குழியில் தண்ணீர், வேப்பிலை மட்கிக் கிடக்கிறது. நிழலில் இருப்பதால் தெரியவில்லை. டார்ச் அடித்தால் நெளிகிறது.

தஞ்சைக் கொல்லை | செப்டம்பர் 28, காலை 8.45

அதுதான். கல் கொத்தியிருப்பதால் உள்ளே முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளம், ஒவ்வொன்றிலும் முட்டை ஒட்டிக்கொள்ளும். நாரால் தேய்த்தாலும் போகாது, கம்பி பிரஷ்தான். தேய்த்தபிறகு குழியை மணலால் நிரப்புங்கள். விளிம்பு வரை, கொஞ்சம் மேடாக. அரைக்குழி மணல் போட்டால் அதன்மேல் தண்ணீர் நிற்கும். வீட்டில் ஒருவரும் தூக்கிக் கவிழ்க்க முடியாத கல்லுக்கு வேறு வழியில்லை. மேலே ஒரு கற்றாழை நட்டுவிடலாம், மணலில் நன்றாக வரும்.

பூச்சிக்கண் | செப்டம்பர் 28, மதியம் 1.15

அக்கா சொன்னதோடு மற்ற இடங்களும். துவைக்கிற கல்லுக்கும் தரைக்கும் நடுவே உள்ள பள்ளம், சிமெண்ட் பூசிச் சரிவு கொடுங்கள். பூந்தொட்டி அடித்தட்டு, மணல் போட்டுவிடுங்கள், செடிக்கும் நல்லது. ஆர்ஓ கழிவுநீர் பிடிக்கிற வாளி, மூடி வேண்டும். ஏசி சொட்டும் டப்பா. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, இது கொல்லையில் இல்லை, ஆனால் கொல்லைக் கதவருகே ஃபிரிட்ஜ் இருக்கிற வீடுகளில் பகல் கொசு அங்கிருந்துதான் வருகிறது. கோழிக்கும் காக்கைக்கும் வைக்கும் கிண்ணம், தினம் கழுவி ஊற்றினால் போதும். பாட்டிலில் வைத்த மணிபிளாண்ட், தண்ணீர் மாற்றும்போது வேரையும் பாட்டில் கழுத்தையும் கழுவுங்கள். சன்ஷேடு மேலே ஏணி வைத்து ஒருமுறை எட்டிப் பாருங்கள், மழை பெய்து மறுநாள்.

புழங்கும் தண்ணீர்த் தொட்டியைத் தினம் காலி செய்ய முடியாது. பழைய வேட்டித் துணியை இரட்டையாக மடித்து, சைக்கிள் டியூப்பை வளையமாகப் போட்டு இறுக்குங்கள். துணி தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் ஈரத் துணியிலேயே முட்டை வைக்கும். குறுக்கே இரண்டு மூங்கில் குச்சி வைத்தால் தொய்யாது.

குலசேகரம் தோப்பு | செப்டம்பர் 29, இரவு 7.30

எங்க பக்கம் ரப்பர் தோப்புல இதே கதைதான். பால் வெட்டு நின்னதும் பால் பிடிக்கிற சிரட்டையைக் கம்பியில கவிழ்த்து மாட்டணும், இல்லன்னா மழை பெய்ஞ்சு மரத்துக்கு ஒரு கொசுத்தொட்டி. அங்க வர்றது முதுகுல ஒத்தை வெள்ளைக் கோடு போட்ட ஏடிஸ், அல்போபிக்டஸ். மர நிழல்ல பகல் முழுக்கக் கடிக்கும்.

உங்க முருங்கையையும் பாருங்க அண்ணே. கிளை ஒடிஞ்ச இடம் அழுகிப் பொந்தாகும், அதுல தண்ணி நிக்கும். சிமெண்ட் வச்சு அடைக்காதீங்க, மரம் உள்ளேயே அழுகும். பொந்தை மணல் போட்டு மூடினா போதும். வாழை வெட்டினா தண்டைச் சாய்வா வெட்டுங்க, மட்டமா வெட்டினா நடுவுல குழி விழுந்து தண்ணி நிக்கும். மூங்கில் இருந்தா கணுவுக்கு ஒட்டி மேல வெட்டணும். கணுவுக்கு ஒரு சாண் விட்டு வெட்டினா அது டம்ளர் மாதிரி ஆயிடும். தென்னம்பாளை மல்லாந்து கிடந்தாலும் அதேதான்.

திருவொற்றியூர் | செப்டம்பர் 30, காலை 7.00

கிணற்றுக்கு மாநகராட்சியில் கம்பூசியா மீன் கொடுப்பார்களே, அதையே விடலாமா? ஏரியிலும் கொஞ்சம் விட்டால் பக்கத்துத் தெருவுக்கும் உதவும்.

பூச்சிக்கண் | செப்டம்பர் 30, காலை 10.20

கிணற்றுக்குக் கப்பி மீன் போதும், கம்பூசியா வேண்டாம். இரண்டும் வெளிநாட்டு மீன்தான், கப்பி 1910 வாக்கில் வந்தது, கம்பூசியா 1928-இல் இத்தாலியிலிருந்து. கம்பூசியா முரட்டு மீன். ஏரியில் விட்டால் நம் ஊர் மீன்களின் குஞ்சையும் தவளை முட்டையையும் தின்றுவிடும். எந்த மீனையும் ஏரி, குளம், கால்வாயில் விடாதீர்கள். தலைமேல் வெள்ளிப் புள்ளி மின்னுகிற நம் ஊர்ச் சின்ன மீன், அப்லோகெய்லஸ், கிடைத்தால் அதுவே மேல். தண்ணீர்ப் பரப்பிலேயே நீந்தும், புழுவும் அங்கேதான் வரும்.

உறை கிணற்றுக்குப் பத்துப் பதினைந்து கப்பி, ஆணும் பெண்ணும் கலந்து. குட்டி போடும், தானாகப் பெருகும். சோறு, பொரி போடாதீர்கள், வயிறு நிறைந்தால் புழுவைத் தேடாது. மழைக்காலத்தில் கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதாக இருந்தால் முதலில் மீனை எடுத்து வாளியில் வையுங்கள், குளோரின் அதற்கு விஷம். கிணற்றில் வருவது பெரும்பாலும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி, சென்னையில் மலேரியா பரப்புகிற கொசு. அதன் புழு தண்ணீர் மட்டத்துக்கு இணையாகப் படுத்திருக்கும். கியூலெக்ஸும் ஏடிஸும் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். மாடித் தொட்டியிலும் இதே அனாபிலிஸ்தான், மூடி இருந்தாலும் வழிந்தோடும் குழாய் வாயில் வலை இருக்கிறதா என்று பாருங்கள்.

புழு இருக்கிறதா என்று பார்க்க வெள்ளைக் கரண்டி, எனாமல் கிண்ணம் எதுவானாலும் சரி. மெதுவாகச் சாய்த்து ஓரத்தில் மொள்ளுங்கள். நிழல் விழுந்தால் புழு அடிக்குப் போய்விடும், இரண்டு நிமிஷம் அசையாமல் நின்று மறுபடி மொள்ள வேண்டும்.

மடிப்பாக்கம் வீடு | அக்டோபர் 3, இரவு 9.30

மருந்து போட வேண்டிய இடம் எது? கடையில் டெமிபாஸ் குருணை, பிடிஐ பொடி என்று இரண்டு சொல்கிறார்கள்.

பூச்சிக்கண் | அக்டோபர் 4, காலை 6.55

காலி செய்யவும் முடியாத, மூடவும் முடியாத, மீன் விடவும் முடியாத தண்ணீருக்கு மட்டும் மருந்து.

டெமிபாஸ் 1 சதவீதக் குருணை: 100 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம். துணியில் பொட்டலம் கட்டிப் போட்டால் ஒரே இடத்தில் படியாது. குடிக்கிற, சமைக்கிற தண்ணீரில் வீட்டில் நீங்களாகப் போடாதீர்கள்.

பிடிஐ ஒரு பாக்டீரியா. புழு அதைத் தின்றால்தான் சாகும். மீன், தவளை, தேனீக்கு ஒன்றும் செய்யாது. புதுச்சேரியில் உள்ள ஐசிஎம்ஆர் கொசு ஆராய்ச்சி மையம் இதற்கென ஒரு ரகமே பிரித்தெடுத்திருக்கிறது. அளவு டப்பா மேல் போட்டிருக்கிறபடி. கூட்டுப்புழுவாக மாறியபிறகு அது சாப்பிடுவதில்லை, அதனால் பிடிஐ போட்ட மறுநாளும் கொஞ்சம் கொசு பறக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இரட்டிப்பாகப் போட வேண்டாம். சாக்கடைத் தண்ணீரில் சீக்கிரம் அடியில் படிந்துவிடும், அங்கே அடிக்கடி போட வேண்டியிருக்கும்.

குழாய்வேலை | அக்டோபர் 6, இரவு 8.10

மழைநீர் சேகரிப்பு தொட்டிய மறந்துட்டீங்க எல்லாரும். 2003லருந்து எல்லா வீட்லயும் இருக்கு, யாரும் திறந்து பாக்கறதில்ல. மழை நின்னு மூணு நாளைக்கு அப்பறமும் குழியில தண்ணி நின்னா மேல் மணல் அடைச்சிருக்குன்னு அர்த்தம். மேல அரை அடி மணல எடுத்துட்டு புது ஆத்து மணல் போடுங்க, ஜல்லிய கழுவி திரும்ப கொட்டுங்க. மாடியிலருந்து இறங்கற குழாய் குழிக்குள்ள விழற இடத்துல வலை. ஐப்பசி மழைக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. மடிப்பாக்கம் பக்கம் அடைமழையில கீழருந்தே தண்ணி ஊறி நிக்கும், அப்ப சுத்தம் பண்ணியும் பிரயோஜனமில்ல, மூடிய நல்லா அடைக்கறதுதான் வழி.

திருவொற்றியூர் | அக்டோபர் 8, காலை 9.40

கறுப்பு வாளியில் வைக்கோல் ஊறின தண்ணீர் வைத்து ஏடிஸை முட்டையிட வைத்துப் பிடிக்கலாம் என்கிறார்களே?

பூச்சிக்கண் | அக்டோபர் 8, மதியம் 12.30

பிடிக்கலாம். கறுப்பு நிறம், நிழல், வைக்கோல் வாடை மூன்றும் அதை இழுக்கும். ஆனால் வாரம் தவறாமல் பார்க்கிற வீட்டுக்கு மட்டும். ஒரு வாரம் மறந்தால் நீங்களே கொசு வளர்த்ததாகிவிடும். வாளியில் பிடிஐ போட்டு வைத்தால் அந்தப் பயம் குறையும். ஆட்டுக்கல்லை மூடாமல் வாளி மட்டும் வைத்தால் பயன் இல்லை, கொசுவுக்கு இரண்டு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

தஞ்சைக் கொல்லை | அக்டோபர் 11, மாலை 5.15

சாயங்காலம் கொல்லையில் உட்காருவதற்கு: பெடஸ்டல் மின்விசிறி. கொசுவுக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பில்லை, நம் மூச்சுக்காற்றும் ஒரே இடத்தில் நிற்காமல் கலைந்துபோகும். முகத்துக்கு வைக்காதீர்கள், தாழ்த்திக் காலுக்கு வையுங்கள். ஈரத் தரை என்பதால் அந்த பிளக் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) வழியாக வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சை நிழல்வலை கட்டினால் கொசு வராது என்று பலர் செலவு செய்கிறார்கள். அதன் கண்ணில் கொசு தாராளமாக நுழையும்.

மடிப்பாக்கம் வீடு | அக்டோபர் 19, இரவு 10.05

ஆட்டுக்கல்லில் மணல், மேலே கற்றாழை. வாழைக்கு இரண்டு பாத்தி. கிணற்றில் கப்பி. துவைக்கும்போது கடி இல்லை. ராத்திரி பழுப்பு மட்டும் இன்னும் வருகிறது, வீட்டில் எங்கு மொண்டு பார்த்தாலும் புழு இல்லை. பின்னால் ஒரு காலி மனை, அதற்கப்பால் மழைநீர் வடிகால்.

பூச்சிக்கண் | அக்டோபர் 20, காலை 8.00

வடிகால்தான். கியூலெக்ஸ் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும், உங்கள் கொல்லையைச் சுத்தம் செய்து அதை நிறுத்த முடியாது. வடிகாலில் சாக்கடை இணைப்பு கொடுத்திருந்தால் மழை இல்லாத நாளிலும் தண்ணீர் நிற்கும். மூடிக்கல் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், தெப்பம் தெப்பமாக முட்டை மிதக்கும். மாநகராட்சிப் புகார் தொலைபேசி எண் 1913-க்குச் சொல்லும்போது கொசு அதிகம் என்று சொல்லாதீர்கள், புகை வண்டியை அனுப்பிவிடுவார்கள். எந்தத் தெரு, எத்தனையாவது மூடிக்கல், தண்ணீர் நிற்கிறது, புழு இருக்கிறது, தூர் எடுத்து மருந்து தெளிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலி மனையில் குட்டையாக நின்றால் அதன் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, அதையும் அதே புகாரில் சேருங்கள்.

மழை முடிந்து தை, மாசியில்தான் இது உச்சத்துக்குப் போகும், வடிகாலில் ஓட்டம் நின்று தண்ணீர் கெட்டியாகும். அதற்குள் படுக்கையறை ஜன்னலுக்கு வலை போட்டு, கதவின் அடி இடைவெளிக்கு பிரஷ் பட்டை ஒட்டிவிடுங்கள்.

குழாய்வேலை | அக்டோபர் 20, இரவு 9.20

பட்டை ஒட்டறப்ப கதவ சாத்திட்டு உள்ள லைட்ட அணைச்சு, வெளிய லைட் போட்டு பாருங்க. வெளிச்சம் தெரியற இடமெல்லாம் கொசு வர்ற இடம். நிலைக்கும் சுவருக்கும் நடுவுல கூட தெரியும், அதுக்கு சிலிகான் அடிச்சா போதும்.